சென்சிட்டிவ் சருமத்துக்குக் கெமோமில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பும் க்ரீமும் தயாரிக்கும் முறையைச் சிறு குழுக்களுக்குக் கற்றுத் தரத் தொடங்கிய நாளிலிருந்து, வேறு எந்த மூலிகையைப் பற்றியும் வராத அளவுக்குக் கெமோமில் பற்றிய சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு க்ரீமைப் போட்டு முகம் சிவந்து, எரிந்து, பயந்துபோனவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் "அது மென்மையான பூ, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கெமோமில்னா நம்ம சாமந்திப் பூதானே? வேற பேர் வச்சு விக்கிறாங்களா?

இல்லை. கெமோமில் தனிச் செடி. தமிழில் இதைச் சீமைச்சாமந்தி என்று சொல்வதால் இந்தக் குழப்பம் வருகிறது. நடுவில் மஞ்சள் கூம்பும் சுற்றிலும் வெள்ளை இதழ்களுமாக, விரல்நுனி அளவே இருக்கும் சிறிய பூ அது. உலர்ந்த பூவைக் கசக்கினால் வைக்கோலும் ஆப்பிளும் கலந்தது போன்ற மணம் வரும். 'தரையில் விளையும் ஆப்பிள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் கெமோமில் என்ற பெயரே வந்தது.

ஆனால் உறவு உண்டு. சாமந்தி, சூரியகாந்தி, மாசிப்பத்திரி, பார்த்தீனியம் ஆகியவையும் கெமோமிலும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை பற்றிப் பின்னால் வரும் பதில்கள் எல்லாம் இதையே சார்ந்திருக்கின்றன.

ஜெர்மன் கெமோமில், ரோமன் கெமோமில்னு ரெண்டு இருக்காமே, எது நல்லது?

இரண்டும் வெவ்வேறு செடிகள். ஜெர்மன் கெமோமில் ஓராண்டுப் பயிர், நிமிர்ந்து வளரும். ரோமன் கெமோமில் பல ஆண்டுகள் நிலைத்து, தரையோடு படரும். தோல் அழற்சி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஜெர்மன் வகையைக் கொண்டு செய்யப்பட்டவை. அழற்சியைத் தணிப்பதாகச் சொல்லப்படும் பிசபோலால், மாட்ரிசின் ஆகிய பொருள்கள் அதில்தான் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. ரோமன் வகையின் எண்ணெயில் நறுமணம் தரும் எஸ்டர்களே மிகுதி. மணத்துக்காக என்றால் ரோமன் நல்லது. எரிச்சல் உள்ள தோலுக்கு என்றால் ஜெர்மன் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உலர்ந்த பூவாக வாங்கினால் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு பூவை எடுத்து, நடுவிலுள்ள மஞ்சள் கூம்பை நகத்தாலோ பிளேடாலோ மேலிருந்து கீழாகப் பிளந்து பாருங்கள். ஜெர்மன் கெமோமில் என்றால் உள்ளே வெற்றிடமாக, குட்டிக் கூடாரம் போல இருக்கும். உள்ளே கெட்டியாக இருந்தால் அது வேறு செடி. இதைப் பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. பார்ப்பதற்கு இதே போன்ற, ஆனால் துர்நாற்றமுள்ள ஒரு காட்டுச் செடி உண்டு. கடும் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் அதில் இருப்பதால், கெமோமில் மீது சுமத்தப்பட்ட ஒவ்வாமைகளில் சிலவற்றுக்கு அந்தக் கலப்படமே காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

என் தோல் சென்சிட்டிவ்தானா, இல்ல நானா நினைச்சுக்கிறேனா?

சாதாரணமாக எவரையும் தொந்தரவு செய்யாத ஒன்று, அதாவது வெந்நீர், காற்று, ஒரு புதிய க்ரீம் போன்றவை, உங்கள் தோலில் எரிச்சல், குத்தல், அரிப்பு, ஊறல், வலி ஆகியவற்றை உண்டாக்கினால் அது சென்சிட்டிவ் சருமம்தான். அரிப்பு பற்றி ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழு 2017-இல் வெளியிட்ட வரையறையின் சாரம் இதுவே. தோல் சிவக்கலாம், சிவக்காமலும் இருக்கலாம் என்பதையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக உங்கள் எரிச்சலை நீங்களே சந்தேகிக்க வேண்டாம்.

சரி, கெமோமில் உண்மையிலேயே ஏதாவது செய்யுதா, இல்ல விளம்பரமா?

ஓரளவு செய்கிறது. பிசபோலாலும், அபிஜெனின் என்ற ஃபிளேவனாய்டும் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகளைத் தணிப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மாட்ரிசின் சிதைந்து உருவாகும் ஓர் அமிலம், ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகளின் மூலக்கூறு அமைப்பை ஒத்திருக்கிறது. தோல் அழற்சி, லேசான வெயில் எரிச்சல், மேலோட்டமான சிறு காயம் ஆகியவற்றுக்குக் கெமோமில் பூவை வெளிப்பூச்சாகப் பயன்படுத்துவதை ஐரோப்பிய மருந்து முகமையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் 'நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள மூலிகை' என்ற அடிப்படையில் தரப்பட்ட ஏற்பு அது. பெரிய மருத்துவச் சோதனைகளின் பலத்தில் தரப்பட்டதன்று.

மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2000-இல் வெளியானது. நடுத்தர அளவு எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் அழற்சி) உள்ளவர்களுக்கு உடலின் ஒரு பக்கம் கெமோமில் க்ரீமும், மறுபக்கம் 0.5% ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீமோ மருந்தற்ற வெறும் க்ரீமோ பூசி இரண்டு வாரம் ஒப்பிட்டார்கள். கெமோமில் க்ரீம் ஹைட்ரோகார்ட்டிசோனைவிடச் சற்று மேலாகத் தெரிந்தது என்ற பாதியை மட்டும் விளம்பரங்கள் எடுத்துக்கொள்கின்றன. வெறும் க்ரீமுக்கும் அதற்கும் இருந்த வேறுபாடு மிகச் சொற்பம் என்ற மறுபாதியும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. எனக்கு அந்த மறுபாதிதான் முக்கியமாகப் படுகிறது: வறண்டு எரியும் தோலுக்கு நல்ல க்ரீமின் ஈரப்பதமே பாதி மருந்து, கெமோமில் அதற்குத் துணை.

லேபிள்ல கெமோமில்னே இல்லையே, வாயில நுழையாத பேரா இருக்கு. எதைத் தேடணும்?

உட்பொருள் பட்டியலில் தாவரப் பெயரே இருக்கும். 'கெமோமில்லா ரெகுடிடா' என்று தொடங்கினால் ஜெர்மன் வகை. 'ஆந்தெமிஸ் நோபிலிஸ்' என்று தொடங்கினால் ரோமன் வகை. அதையடுத்து வரும் சொல்லையும் கவனியுங்கள். எக்ஸ்ட்ராக்ட் என்றால் சாறு, வாட்டர் என்றால் காய்ச்சி வடித்த பூநீர், ஆயில் என்றால் எசென்ஷியல் ஆயில், அதாவது பூவிலிருந்து வடித்தெடுத்த செறிவான நறுமண எண்ணெய். சென்சிட்டிவ் சருமத்துக்கு இந்த மூன்றில் எக்ஸ்ட்ராக்ட்டையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். 'பிசபோலால்' என்று தனியாக எழுதியிருந்தால் அது பூவிலிருந்து பிரித்த அல்லது வேறு வழியில் பெற்ற ஒற்றைப் பொருள். அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

டப்பா மேல பெருசா கெமோமில் பூ படம் போட்டிருக்கு, ஆனா போட்டா எரியுதே?

படம் டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் தோலில் படுவது பின்பக்கத்தில் எழுதியிருப்பது முழுவதும். உட்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். கெமோமில் பட்டியலின் கடைசியில், 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு இருந்தால், அந்த க்ரீமில் பூவைவிட வாசனைக் கலவை கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. சென்சிட்டிவ் சருமத்தைச் சீண்டும் பொருள்களில் முன்னிற்பது அந்த வாசனைதான். டோனர்களில் ஆல்கஹால் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆகவே எரிந்தவுடன் பழியைக் கெமோமில் மீது போடவும் வேண்டாம், 'மூலிகை வேலை செய்கிறது' என்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். கழுவிவிடுங்கள். வாசனை சேர்க்காத, பட்டியல் சிறியதாக உள்ள ஒரு க்ரீமில் கெமோமிலை மறுபடி முயன்று பார்த்தால்தான் குற்றவாளி யார் என்பது தெரியும்.

கெமோமில் எண்ணெய் வாங்கினேன், நீலமா மை மாதிரி இருக்கு. சாயம் கலந்துட்டாங்களா?

ஜெர்மன் கெமோமில் எண்ணெய் நீலமாக இருப்பதே இயல்பு. பூவில் அந்த நீலம் கிடையாது. நீராவியில் காய்ச்சி வடிக்கும்போது, நிறமற்ற மாட்ரிசின் உருமாறி கமாசுலீன் என்ற ஆழ்நீலப் பொருளாகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மெல்லச் சிதைந்து பச்சையாகி, பிறகு பழுப்பாகும். எண்ணெய் பழுப்பாகிவிட்டால் முகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அடர்நிறக் குப்பியில், குளிர்ந்த இருட்டிடத்தில் வையுங்கள்.

அந்த எண்ணெயை ரெண்டு சொட்டு நேரா முகத்துல தேய்க்கலாமா?

கூடாது. ஒரு கிலோ உலர்ந்த பூவிலிருந்து சில மில்லிலிட்டர் எண்ணெய்தான் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சொட்டு எவ்வளவு செறிவானது என்பது புரியும். முகத்துக்கு அரை சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்: 30 மில்லி ஜோஜோபா போன்ற தாங்கு எண்ணெயில் 3 சொட்டு. உண்மையில், தோல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் நாள்களில் எந்த எசென்ஷியல் ஆயிலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

டீ பேக்கைக் கொதிக்க வச்சு அந்தத் தண்ணில முகம் ஒத்தலாமா?

செய்யலாம், வீட்டில் செய்யக்கூடியவற்றில் எளிமையானதும் இதுவே. 100 மில்லி வெந்நீருக்கு 3 கிராம் உலர்ந்த பூ போதும். டீ பேக் என்றால் இரண்டு. பாத்திரத்தை மூடி வைத்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். மூடாவிட்டால் பூவின் எண்ணெய்ச் சத்து ஆவியோடு போய்விடும். பிறகு சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக ஒத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. வெப்பமே சிவப்பைக் கூட்டும்.

ஆறிய நீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, எரியும் இடத்தில் 10 நிமிடம் வைத்து எடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசிவிட வேண்டும். இதைத் தவறவிட்டால், தண்ணீர் உலரும்போது தோல் முன்னைவிட வறண்டு இழுக்கும். 'கெமோமில் என் தோலைக் காயவைக்கிறது' என்று வருபவர்கள் பலரிடம் விசாரித்தால் இந்தப் படி விடுபட்டிருக்கும். முதல்முறை செய்பவர்கள், கீழே சொல்லியிருக்கும் பேட்ச் டெஸ்ட்டை (கையில் சிறிய இடத்தில் தடவிப் பார்க்கும் சோதனை) இந்தத் தண்ணீருக்கும் செய்துகொள்ளுங்கள்.

மிச்சத்தை ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி ஒரு வாரம் டோனரா வச்சுக்கலாமா?

வேண்டாம். பூச்சாறு கிருமிகளுக்கு நல்ல உணவு. வகுப்பில் இதைக் காட்டுவதற்காக ஒரு கண்ணாடிக் குப்பியில் கெமோமில் நீரை மூடி மேசையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அடியில் பஞ்சுநூல் போல மெல்லிய இழைகள் மிதந்தன. திறந்தால் ஆப்பிள் மணத்துக்குப் பதில் புளித்த வாடை. கண்ணுக்குத் தெரியும் முன்பே கிருமிகள் பெருகத் தொடங்கியிருக்கும். தடுப்பரண் பலவீனமான தோலில் அதைத் தெளிப்பது ஆபத்து. ஃபிரிட்ஜில் வைத்தால்கூட ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். டோனராகவே வேண்டுமென்றால் ப்ரிசர்வேட்டிவ் சேர்த்துத் தயாரிக்கப்பட்டதை வாங்குங்கள்; ப்ரிசர்வேட்டிவ் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கண் வீங்கியிருக்கு, டீ பேக்கைக் கண்ணு மேல வைக்கலாமா?

இதைத் தவிர்க்கச் சொல்வேன். கெமோமில் தேநீரில் பூவின் மகரந்தமும் இருக்கும். அந்த நீரால் கண்ணைக் கழுவிய பிறகு கண் அழற்சிக்கு ஆளான, ஏற்கெனவே மகரந்த ஒவ்வாமை உள்ள ஏழு பேரைப் பற்றி 1990-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. வீக்கத்துக்குக் குளிர்ந்த வெறும் ஈரத்துணியே போதும்.

பேட்ச் டெஸ்ட் பண்ணினேன், ஒண்ணும் ஆகல. ஆனா முகத்துல போட்டதும் ரெண்டு நாள்ல தடிச்சிடுச்சு. ஏன்?

பெரும்பாலும் ஒரே ஒரு முறை தடவி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு விட்டிருப்பீர்கள். அது உடனடி எரிச்சலை மட்டுமே காட்டும். தொடுகை ஒவ்வாமை தாமதமாக வருவது; 48 முதல் 72 மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படும், சிலருக்கு அதற்கும் மேலாகும்.

முழங்கையின் உள்மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பெரிய நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் அதே க்ரீமைத் தடவுங்கள். கழுவ வேண்டாம். இதை ஏழு நாள் தொடர வேண்டும். பொறுமை இருந்தால் பத்து நாள். சிவப்பு, சிறு பொரிகள், அரிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒன்றும் வராவிட்டால், முகத்தில் தாடையோரமாக மூன்று நாள் பூசிப் பார்த்த பிறகு முழு முகத்துக்குப் போங்கள். ஒரே சமயத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்காதீர்கள். தடித்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

சாமந்தி தொட்டா எனக்குக் கை அரிக்கும். நான் கெமோமில் போடலாமா?

போடாமல் இருப்பதே நல்லது. முதல் பதிலில் சொன்ன குடும்ப உறவு இங்கேதான் வேலை செய்கிறது. அந்தக் குடும்பச் செடிகள் பலவற்றில் செஸ்க்விடெர்பீன் லாக்டோன்கள் என்ற, ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பொருள்கள் உண்டு. ஒன்றுக்கு ஒவ்வாமை ஏற்பட்ட தோல், அதே சாயலுள்ள மற்றொன்றையும் எதிரியாகவே பார்க்கக்கூடும். சாமந்தி, பார்த்தீனியம், மாசிப்பத்திரி ஆகியவற்றில் எதற்காவது ஒவ்வாமை இருந்தால் பூச்சு மட்டுமல்லாமல் கெமோமில் தேநீரும் உங்களுக்கு ஏற்றதன்று. தேநீரால் கடுமையான உடனடி ஒவ்வாமை ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஓட்ஸ், பேந்தனால், கிளிசரின் போன்றவை உங்களுக்கு வேறு வழிகள்.

அப்போ பூச்சாறு இல்லாம, பிசபோலால் மட்டும் இருக்கிற க்ரீம்?

இது நுணுக்கமான கேள்வி. பிசபோலால் ஒற்றைப் பொருள் என்பதால், முழுப் பூவின் சாற்றில் வரக்கூடிய லாக்டோன்களும் மகரந்தமும் தூய பிசபோலாலில் இருக்காது. சந்தையில் உள்ளதில் ஒரு பகுதி செயற்கை முறையிலும், ஒரு பகுதி பிரேசிலின் காண்டெயா மரத்திலிருந்தும் பெறப்படுகிறது. அந்த மரமும் இதே குடும்பம்தான் என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிசபோலாலுக்கே ஒவ்வாமை ஏற்படுவது அரிது. ஆனாலும் பதிவான நிகழ்வுகள் உண்டு. ஆகவே சாமந்தி ஒவ்வாமை உள்ளவர்கள், தோல் மருத்துவரிடம் கேட்ட பிறகே, மேற்சொன்ன ஏழு நாள் சோதனையோடு முயல வேண்டும்.

ரெட்டினால், ஆசிட் சீரம் போடறேன். கூடவே கெமோமில் போட்டா எரிச்சல் வராதா?

கெமோமில் அவற்றோடு மோதாது, சேர்த்துப் பயன்படுத்தலாம். ரெட்டினாலுக்குப் பின் கெமோமில் கலந்த மாய்ஸ்சரைசர் பூசுவது நல்ல வழக்கமே. ஆனால் ரெட்டினாலால் தோல் உரிந்து எரிகிறது என்றால், அதற்கு மருந்து ரெட்டினாலைக் குறைப்பது. இரவுதோறும் போடுவதை வாரம் இரு முறையாக்குங்கள். காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே பூவைப் பூசுவதால் பயனில்லை. பகலில் சன்ஸ்க்ரீனும் அவசியம். கெமோமில் அதற்கு மாற்றாகாது.

எக்ஸிமாவுக்கு டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்திருக்கார். அதை விட்டுட்டு இதைப் போடலாமா?

விடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி படியுங்கள், 0.5% ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது ஸ்டீராய்டு பூச்சுகளிலேயே மிக லேசானது. அதோடு ஒப்பிட்டதை வைத்து, கடும் எக்ஸிமாவுக்குத் தரப்படும் மருந்தை நிறுத்தக் கூடாது. மருத்துவர் ஒப்புக்கொண்டால், எக்ஸிமா தணிந்திருக்கும் நாள்களில் ஈரப்பதத்துக்காகக் கெமோமில் க்ரீமைச் சேர்த்துக்கொள்ளலாம். நீர் கசியும், வெடித்த தோலில் எந்த மூலிகைச் சாறும் வேண்டாம். உடைந்த தோல் வழியே ஒவ்வாமை எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகளுக்கும் இதே காரணத்தால் வாசனையற்ற வெறும் மாய்ஸ்சரைசரையே சொல்வேன்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன். தோல்ல பூசறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். வார்ஃபரின் எடுத்துவந்த 70 வயதுப் பெண் ஒருவர், கெமோமில் தேநீர் அருந்தி, கெமோமில் லோஷனும் பூசிவந்த நிலையில் உடலுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 2006-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அதில் தேநீரின் பங்கே பெரிதாக இருந்திருக்கும். முகத்துக்குச் சிறிதளவு க்ரீம் என்பது வேறு, உடல் முழுவதும் லோஷனும் தினம் நான்கைந்து கோப்பைத் தேநீரும் என்பது வேறு. எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

ரெண்டு வருஷமா போட்ட க்ரீம்தான், இப்ப திடீர்னு அரிக்குது. இத்தனை நாள் ஒத்துக்கிட்டது எப்படி ஒத்துக்காம போகும்?

தொடுகை ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு பொருளை எதிரியாகக் கற்றுக்கொள்ள வாரங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஒரு முறை கற்றுக்கொண்டுவிட்டால் பெரும்பாலும் மறக்காது. 'இத்தனை நாள் ஒத்துக்கொண்டதே' என்று தொடர்ந்து பூசியதால் கண்ணிமை வரை தடித்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் தயாரிப்பாளர் உட்பொருளை மாற்றியிருக்கிறாரா என்று பழைய டப்பாவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசனைப் பொருளோ ப்ரிசர்வேட்டிவோ மாறியிருக்கக்கூடும்.

மாற்றம் ஏதுமில்லை என்றால் க்ரீமை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர்கள் செய்யும் பேட்ச் டெஸ்ட் வேறு: சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பின்னர் நான்காம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்கள். இந்தத் தாவரக் குடும்பத்துக்கென்றே தனிக் கலவைகள் அதில் உண்டு. செல்லும்போது க்ரீமை உட்பொருள் பட்டியலோடு கூடிய டப்பாவிலேயே எடுத்துச் செல்லுங்கள்.